வெயிலை மறைத்த சேவல்

பெங்களூர் பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டோரம், கோழிக்கடைக்காரர் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு சிமெண்ட் சேவலை நிறுத்தியிருந்தார். அதன் வாலுக்கு நேர் பின்னால் ரேவதியின் வீடு. கொடியில் போட்ட துணி எதுவும் காயாது.

"விளம்பரம் உங்களுக்கு, ஈரத்துணி எங்களுக்கா?" என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டாள். கடைசியில் அவள் வாய்க்குப் பயந்தே அவர் சேவலை இடித்துத் தள்ளினார்.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டு போனில் அப்பா கூப்பிட்டார். அவள் இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரியை விட்டு வந்ததிலிருந்து பேசாதவர்.

"நேத்து உன்னப் பாக்க வந்தேன். பெரிய சேவல்கிட்ட இறங்கணும்னு அம்மாகிட்ட சொல்லியிருந்தியாமே. அவ்ளோ பெரிய சேவல் கண்ணுல படாமயா போயிடும்னு யாரையும் கேக்காம பஸ்ல ஜன்னலோரமே உக்காந்திருந்தேன். கடைசி ஸ்டாப் சிவாஜிநகரே வந்துடுச்சு."

"அப்பா, அது வந்து..."

"விடும்மா. நான் வர்றது உனக்கு இஷ்டமில்லன்னு புரிஞ்சுகிட்டேன்."

அப்பா போனை வைத்த பிறகும் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்தபோது கொடி முழுக்க நல்ல வெயில். காலையில் போட்ட துணியெல்லாம் மொடமொடவென்று காய்ந்திருந்தது.