பத்து நிமிடம் முந்தி ஊதிய சங்கு

என் புருஷன் பழனிமுத்து செய்த ஒரு காரியத்துக்காக முப்பத்தெட்டு வருடம் நான் சுற்றுவழியில் நடந்திருக்கிறேன். பள்ளிவாசல் சந்துக்குள் புகுந்தால் பஸ் நிற்கும் ஹோல்ட்டுக்கு நாலு நிமிடம். இவர் பேச்சைக் கேட்டுப் பெரிய வீதியால் போனால் பதினைந்து நிமிடம். மழையிலும் சுற்று, கையில் அரிசிப் பையோடும் சுற்று. கேட்டால், "அந்த ஜனங்க மூஞ்சியில எப்புடி முழிக்கிறது?" என்பார்.

கொட்டாஞ்சேனைக்கு அப்பால் களனி ஆற்றங்கரையில் அப்போது துணி மில் ஒன்று ஓடியது. துணிக்கு நீலம் போட்ட நாளில் ஆற்றோரமும் நீலமாகக் கிடக்கும். நானூறு தறிகளின் சத்தத்தில் பள்ளிவாசல் பாங்கு மில்லுக்குள்ளும் கேட்காது, சுற்று வீடுகளுக்கும் கேட்காது. அதனால் நோன்பு மாதத்தில் மட்டும், நோன்பு திறக்கும் நேரத்துக்கு மில் சங்கை ஊத மனேஜர் ஒத்துக்கொண்டிருந்தார். சங்கு இவருடைய பொறுப்பு. வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

எண்பத்தாறாம் வருடம், ஒரு நோன்பு நாள். ஆஸ்பத்திரியில் எனக்குப் பிரசவ வலி கண்டு நிலைமை மோசம், உடனே வரட்டும் என்று கேட் வோச்சர் வந்து இவரிடம் சொல்லியிருக்கிறான். சங்கை ஊதாமல் நகர முடியாது. ஊதுவதற்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மனுஷன் ஊதிவிட்டு ஓடி வந்துவிட்டார். சந்து முழுக்கப் பேரீச்சம்பழம் வாய்க்குள் போன பிறகும் சூரியன் கடலுக்கு மேலேயே நின்றதாம்.

அனுஷியா நல்லபடியாகப் பிறந்தாள். மணிக்கூடு முந்திவிட்டது என்று மனேஜரிடம் பொய் சொல்லி இவர் தப்பினார். ஆனால் மனச்சாட்சியிடம் தப்பவில்லை, என் கால்களையும் விடவில்லை.

பெருநாள் முடிந்து ஒரு கிழமையில் யாரோ ஒரு பெண் எங்கள் வாசலில் அலுமினியச் சட்டி நிறைய நோன்புக் கஞ்சி வைத்துவிட்டுப் போனாள். நோன்பு முடிந்த பிறகு ஏது கஞ்சி என்று நான் யோசிக்கவில்லை. பிள்ளை பெற்ற பசி, குடித்துவிட்டேன். இவர் தொடவே இல்லை. "நாந்தான் செஞ்சேன்னு தெரியாம அனுப்பியிருக்காங்க" என்று தலையில் கை வைத்தார். சட்டியைத் திருப்பிக் கொடுக்கவும் விடவில்லை.

பிறகு மில்லை மூடினார்கள். தறிகள் இரும்பு விலைக்குப் போயின. இப்போது அங்கே மாடி வீடுகள். போன நோன்பில், மில்லின் சரித்திரத்தை எழுதி வைக்க வேண்டும் என்று பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் ஷிராஸ் பழைய தொழிலாளிகளை நோன்பு திறக்க அழைத்தார். இவர் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

"எனக்கு அறுபத்தஞ்சு வயசு. இனிமே சுத்த முடியாது. ஒண்ணு நீங்க வந்து சொல்லுங்க, இல்லாட்டி நான் போய்ச் சொல்றேன்" என்றேன்.

வந்தார். பாங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஷிராஸ் மைக்கை நீட்டினார். இவர் எழுந்து வாங்கிக்கொண்டார்.

"எண்பத்தாறுல சங்கு முந்தி ஊதினது மணிக்கூட்டுப் பிழை இல்லைங்க. நாந்தான் தெரிஞ்சே ஊதினேன். உங்க எல்லார் நோன்பையும் கெடுத்தவன் நான். மன்னிச்சுக்குங்க."

சந்து முனைக் கடைக்காரரின் மகள் லுத்பியா, என் வயதுக்காரி, திடீரென்று சிரித்தாள்.

"அண்ணன், ஆஸ்பத்திரியால கோல் வந்ததே எங்கட கடை போனுக்குத் தானே! வாப்பாதான் மில் கேட்டுக்கு ஆள் அனுப்பின. கொஞ்ச நேரத்தில சங்கு ஊதிச்சு, எல்லாரும் திறந்திட்டம். பிறகுதான் சூரியனப் பாத்து, 'மனிசன் பொஞ்சாதியப் பாக்க ஓடுறான்'னு வாப்பா சொன்னார். சந்துக்கே தெரியும்."

"அப்ப நோன்பு?" என்றார் இவர்.

"நேரம் தெரியாமத் திறந்தா குத்தமில்ல. ஒரு நோன்பத் திருப்பிப் பிடிச்சாச் சரி. பெருநாளுக்குப் பிறகு சந்தே சேர்ந்து பிடிச்ச. அண்டைக்குக் காய்ச்சின கஞ்சியத்தான் அக்காக்குக் கொண்டு வந்து வெச்ச."

இவர் நாற்காலியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் நெஞ்சு லேசானது. கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. பதில் எங்கள் வாசலுக்கே சுடச்சுட வந்திருக்கிறது, இந்த மனுஷன் ஒரு வாய் குடித்துப் பார்க்கவில்லை.

"அது சரி அக்கா, எங்கட சட்டி எங்க?" என்றாள் லுத்பியா.

வெறும் சட்டியை எப்படிக் கொடுப்பது? மறுநாள் அது நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். சட்டியை இவரே தூக்கிக்கொண்டார். வீட்டை விட்டு இறங்கியதும் என் கால் தன்பாட்டில் பெரிய வீதிப் பக்கம் திரும்பியது.

"ஏய், எங்க போற?" என்றார் இவர், சந்துக்குள் நின்றுகொண்டு. "இதால வா."