கொக்கிமேல் அப்பா

டிரெய்லரின் மூக்கைக் கொக்கியில் இறக்கியதும் கார் பின்பக்கமாகக் குந்திக்கொண்டது. முன்பக்கம் எழும்பி, ஹெட்லைட் இரண்டும் தருமபுரி வானத்தைப் பார்த்தன. பள்ளிக் கரஸ்பாண்டென்ட் சந்திரமோகனுக்கு அது கம்பீரமாகத் தெரிந்தது. "பாத்தியா, நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிது" என்றார். டிரைவர் அருள்குமார் குனிந்து முன்சக்கரங்களைப் பார்த்தான்.

டிரெய்லரில் நின்றவர் சந்திரமோகனின் அப்பா. சிமென்டில், எழுநூறு கிலோ. மாட்டுச் சந்தையில் தரகு பார்த்து வாழ்ந்த மனிதர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பேங்கில் கடைசிவரை கைநாட்டு. சிலை செய்தவர் கையில் குடை வைக்கவா, தடி வைக்கவா என்று கேட்டபோது, மெட்ரிக் பள்ளி நடத்தும் மகன் புத்தகம் வைக்கச் சொல்லிவிட்டார். காலடியில் 'கல்வித் தந்தை' என்று பொறித்தும் ஆகிவிட்டது.

தொப்பூர் இறக்கத்துக்குக் கீழே இருக்கும் சொந்த ஊருக்குச் சிலை போயாக வேண்டும். டிராக்டரில் ஏற்றலாமே என்றவர்களிடம், "எங்கப்பா என்ன எருவா?" என்று கேட்டார் சந்திரமோகன். புதுக் கார் இழுத்து வருவதை ஊர் பார்க்க வேண்டும். அதற்காகவே பெங்களூரில் கொக்கி மாட்டி வந்திருந்தார். காரும் அப்பாவும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்பதால் சிலை டிரெய்லரின் முன்விளிம்பில் நின்றது. நடுவில் வைக்கலாம் என்று அருள்குமார் காலையிலேயே சொல்லிப் பார்த்தான். "பின்னாடி நிக்கிற ஆளாய்யா எங்கப்பா?" என்று பதில் வந்தது. கிழவரை மூன்று முறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனவன் அருள்குமார். மூன்று முறையும் கடைசி வரிசை இருக்கையில், கீழே பேப்பர் விரித்துத்தான் உட்காரவைக்கச் சொன்னார்கள்.

கார் டிரைவராகுமுன் பத்து வருஷம் மற்றவர்களின் டிராக்டரில் கரும்பு இழுத்தவன் அவன். பாரம் பின்னால் கூடினால் டிரெய்லர் இடவலமாக அலையும், முன்னால் கூடினால் முன்சக்கரம் தரையை மறந்துவிடும் என்பது அவன் இடுப்புக்குத் தெரியும். கொக்கிக்குப் பக்கத்தில் அறைந்திருந்த தகட்டைக் குனிந்து காட்டினான். அதில் இரண்டு எண்கள். சந்திரமோகன் பெரியதை மட்டும் படித்தார்.

"ஆயிரத்தைநூறு போட்டிருக்கான்ல? டிரெய்லரோட சேத்தே ஆயிரத்து நூறுதான். அப்பறம் என்ன டவுட்டு?"

"அது இழுக்கறதுக்குங்க சார். கொக்கி மேல உக்கார்றது நூத்தியிருவதுதான் தாங்கும். மூட்டைய இழுத்துக்கிட்டுப் போறது வேற, தோள்மேல ஏத்திக்கிறது வேறங்க."

எதிரே பாஞ்சாலியின் புளிக் கிடங்கு. அங்கிருந்த மேடைத் தராசை உருட்டி வந்து, காரிலிருந்து கழற்றிய டிரெய்லர் மூக்குக்கு ஒரு கட்டை முட்டுக்கொடுத்து, தராசின்மேல் நிறுத்தினான் அருள்குமார். பாஞ்சாலி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"எரநூத்தி நாப்பது. உங்கப்பா கொக்கி மேலயே ஏறிக் குந்திக்கிட்டாருங்க."

"ரெண்டடி பின்னால தள்ளுனாப் போதுங்க சார். சரியாப் பூடும்" என்றான் அருள்குமார்.

சந்திரமோகன் அவனைப் பள்ளி ஆண்டு விழாவில் கடைசி பரிசு வாங்க வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இப்ப எட கொறையணும். அவ்ளோதான?" என்றவர் கூட வந்திருந்த பள்ளி வேனிலிருந்து நான்கு ஆசிரியர்களை இறங்கச் சொன்னார். வேட்டி மடிப்பு கலையாமல் அவர்கள் ஒவ்வொருவராக டிரெய்லரின் வால் விளிம்பில் உட்கார்ந்தார்கள். தராசு இருநூற்றுப் பத்து காட்டியது, நூற்றெண்பது, நூற்றைம்பது. ஒன்பதாம் வகுப்புக்கு நெம்புகோல் பாடம் நடத்தும் இயற்பியல் ஆசிரியர் நாலாவதாக உட்கார்ந்தபோது சரியாக நூற்றிருபதில் நின்றது. பி.டி. மாஸ்டர் இளம்பரிதி அந்த எண்ணைப் போனில் நேரலையாகக் காட்ட, ஆசிரியர்கள் உட்கார்ந்தபடியே கைதட்டினார்கள்.

"பிரச்சினன்னு வந்தா யோசிக்கணும்" என்று சந்திரமோகன் போனைப் பார்த்துச் சொன்னார். "கத்தக் கூடாது."

"புளி மூட்டையில கல்லு வச்சு எடைய ஏத்துறவனப் பாத்திருக்கேன்" என்றாள் பாஞ்சாலி. "வாத்தியாருங்கள வச்சு எறக்குறத இன்னைக்குத்தான் பாக்கறேன்."

நேரலை முடிந்ததும் ஆசிரியர்கள் குதித்து இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டு ஏசி வேனுக்கு நடந்தார்கள். தராசு மறுபடி இருநூற்று நாற்பதுக்கு ஏறியது. அதைப் பார்க்கப் பாஞ்சாலியும் அருள்குமாரும்தான் இருந்தார்கள்.

"அப்ப அவுங்களும் அங்கியே உக்காந்து வரட்டுங்க சார். எறக்கம் முடியற வரைக்கும்" என்றான் அருள்குமார் சந்திரமோகனிடம்.

இயற்பியலுக்கு முதுகில் டிஸ்க் விலகியிருந்தது. தமிழுக்கு வெயில் ஆகாது. கணக்குக்கு அந்த நொடியில் மனைவி போன் செய்தாள். நாலாமவர் வேனின் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

டிரெய்லரைத் திரும்ப மாட்டினார்கள்; கார் திரும்பக் குந்தியது. அருள்குமார் சாவியை பானெட்டின்மேல் வைத்தான்.

"என்னடா, ஓட்ட மாட்டியா?" சந்திரமோகன் குரலைத் தணித்தார். "பொண்ணு நம்ம ஸ்கூல்லதான படிக்கிது?"

"ஆமாங்க சார், நாலாவது. அதுக்கு அப்பன் வேணுமுங்க. சிமென்டுல இல்லாம."

பாஞ்சாலி சிரித்துவிட்டாள். சந்திரமோகன் இளம்பரிதியைப் பார்த்தார். அவன் அவசரமாக மறுபடி நேரலையைப் போட்டான். நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. பட்டாசுச் சரத்துக்கு யாரோ தீ வைத்தும் விட்டார்கள். சந்திரமோகன் சாவியை எடுத்துக்கொண்டு தாமே ஏறினார். கடைசியாக எப்போது வண்டி ஓட்டினார் என்பது அவருக்கே ஞாபகமில்லை. பட்டாசு வெடிக்க வெடிக்க ஆக்சிலேட்டரை மிதித்தார். முன்சக்கரங்கள் இடப்பக்கம் ஒழுங்காகத் திரும்பின. கார் திரும்பவில்லை. சரளையில் நேராகச் சறுக்கிக்கொண்டு போய், சாக்கடைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கொக்கி கிறீச்சென்று ஒருமுறை முனகியது.

பட்டாசுப் புகை கலையும்வரை அவர் இறங்கவில்லை. இறங்கியபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ரெண்டடின்னியா?" என்றார், சாக்கடையைப் பார்த்து.

"ரெண்டடிங்க."

வேனை நோக்கிக் கைகாட்டினார். நான்கு பேரும் இறங்கி வந்து டிரெய்லரைச் சுற்றி நின்றார்கள். சிலைக்கு அடித்த தங்கப் பெயின்ட் இன்னும் காயவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் தமிழாசிரியர். அதன்பிறகு எட்டுக் கைகளும் அவரவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. சந்திரமோகன் செருப்பைக் கழற்றிவிட்டு டிரெய்லரின் மூக்குப் பக்கம் ஏறினார். கயிற்றை அவிழ்த்து, அப்பாவின் இடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, கன்னத்தை அவர் நெஞ்சில் அழுத்தி, மூச்சைப் பிடித்துத் தள்ளினார்.

இளம்பரிதி போனை இறக்க மறந்திருந்தான். வெள்ளைச் சட்டை முழுக்கப் பொன்னாகிக்கொண்டிருந்தது. சிலை ஓரங்குலம்கூட நகரவில்லை. அவர் தள்ளத் தள்ள, காரின் முன்பக்கம் மட்டும் மெல்ல எழுந்து எழுந்து தாழ்ந்தது.