குவைத்து மூச்சு

மூச்சு, படைத்தவன் எல்லா உயிருக்கும் ஏற்றத்தாழ்வில்லாமல் கொடுத்த அமானிதம். கிண்ணியாவில் ஸல்ஹாவுக்கு மட்டும் அது குவைத்திலிருந்து வந்தது.

"விடுங்க, தலைப்பக்கம் நான் பிடிக்கிறன்" என்று ஜெமீலா முன்னுக்கு வந்தாள். மூச்சு முட்டி மௌத்தான ஸல்ஹாவின் மையித்தைக் குளிப்பாட்டக் கட்டிலிலிருந்து தூக்கும் நேரம். கூடப்பிறந்த தங்கையின் பாசத்தைப் பார்த்துப் பெண்கள் விசும்பினார்கள். அவளுடைய இடக்கை ராத்தாவின் தலையைத் தாங்கியது. வலக்கை தலையணைக்குக் கீழே துழாவியது. அகப்பட்டதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

அவர்களின் உம்மா மூச்சு முட்டு வருத்தத்தை இரண்டு மகள்மாருக்கும் சமமாகத்தான் விட்டுப்போயிருந்தாள். நோன்புப் பெருநாள் வரைக்கும் இருவரும் கிளினிக்கில் ஒரே வாங்குப் பலகையில் குந்தியிருந்து, ஒரே வெள்ளைக் குளிசையை வாங்கி விழுங்கி வந்தவர்கள். பெருநாளோடு ஸல்ஹாவின் மகன் குவைத்திலிருந்து, மூச்சுக்கு வாயில் அடிக்கும் ஒரு பம்ப் அனுப்பினான். காலையும் மாலையும், வருத்தம் இல்லாத நாளிலும், ஒருதரம் அடிக்கவேண்டுமாம். பாவிக்கும் விதம் எழுதிய கடதாசி இங்கிலீசில் இருந்தது. ஆகவே காணி உறுதிப் பத்திரத்தோடு அலுமாரியில் பத்திரப்படுத்தப்பட்டது.

அன்றோடு ஸல்ஹா குளிசையை விட்டாள். மாலை மருந்தைக் கல்யாண வீடுகளில் எடுத்தாள். பம்பை மூன்று தரம் குலுக்குவாள், சபை அடங்கும். அண்ணாந்து, வாயில் வைத்து, கண்ணை மூடி ஒரு அமத்து. உஸ்ஸ். காற்று வரும் யன்னலடிக் கதிரை அவளுக்கு. குளிசைக்காரி ஜெமீலாவுக்குக் குசினிப் பக்கம், அடுப்புப் புகைக்குள் ஒரு பாய். வருத்தம் ஒன்று, மரியாதை இரண்டு.

"எனக்கும் ஒருக்கா தாங்க, ராத்தா" என்று ஒருநாள் கேட்டும் பார்த்தாள்.

"இது லேசான சாமானில்ல புள்ள. பழகாத நெஞ்சு தாங்காது."

இப்போது அது பழகாத நெஞ்சோடுதான் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

குளிப்பாட்டிக் கபன் துணியிட்டு, ஸல்ஹாவை நடு அறையில் கிடத்தினார்கள். அவள் மகள் லைலா சாம்பிராணித் தட்டோடு சுற்றிவந்தாள்.

"சாச்சி, உம்மாட பம்பைக் கண்டீங்களா? குவைத்துல இருந்து நானா அனுப்பின சாமான், ஞாபகமா வைக்கோணும்."

"மௌத்து வீட்டில சாமான் தேடாத மகள். உம்மாக்கு ஓது."

லைலா ஓதிக்கொண்டே தட்டை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். ஜெமீலாவின் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. எழுந்து போக வழியில்லை, வாசல்வரைக்கும் பெண்கள். ஏழு ஊருக்கும் கள்ளியாவதா, ராத்தாவுக்குப் பக்கத்திலேயே படுப்பதா? நகம் நீலம் பாரித்தபோது கை தானாகச் சட்டைக்குள் போனது.

பம்பைக் கண்டதும் ஓதல் நின்றது. லைலா திறந்த வாயை மூடவில்லை. ஆனாலும் பழக்கம் பொல்லாதது: யாரோ எழும்பி யன்னலடிக் கதிரையைக் கொடுத்தார்கள். ஜெமீலா உட்கார்ந்தாள். மூன்று மாதமாகக் கண்ணாலே படித்த பாடம். மூன்று தரம் குலுக்கினாள். சபை அடங்கியது. அண்ணாந்து, கண்ணை மூடி, அமத்தினாள். உஸ்ஸ். ராத்தா செய்ததில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மூச்சு வரவில்லை. இன்னொரு தரம் அமத்தினாள். அதற்கும் வரவில்லை.

துக்கம் விசாரிக்க வந்திருந்த, கிளினிக்கில் குளிசை கொடுக்கும் மிஸ்ஸி ஞானமலர் எழுந்துவந்து பம்பைப் பறித்தாள்.

"மூடியைக் கழட்டிப்போட்டெல்லோ அடிக்கோணும்?"

"ராத்தா... கழட்டுறல்லயே..."

மிஸ்ஸி லைலாவைப் பார்த்தாள். லைலா சாம்பிராணித் தட்டைப் பார்த்தாள்.

மூடி இறுகியிருந்தது, மிஸ்ஸி பல்லால் கடித்துத்தான் கழற்றவேண்டியிருந்தது. மூடிக்குள்ளே ஸல்ஹாவின் மூன்று மாத மருந்தும் வெள்ளை மாவாகக் கட்டிபட்டுக் கிடந்தது.