ஊசிவால் வாத்து

1959 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பொன்னமராவதிக்கு வடக்கே பெரியநாச்சிக் கண்மாயில் மடையடித் தண்ணீர் ஒன்பது அடி இருந்தது.

படகில் நான்கு பேர். முன்னால் பலகையில் பிச்சைமுத்து. நடுவில் ரேஞ்சர் சந்தனசாமியும், திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தும் அருளம்மாளும். பின்னால் கழி ஊன்றி நின்றவன் சேவுகன், பிச்சைமுத்துவின் மனைவிக்குத் தம்பி.

சமஸ்தானம் இருந்த நாளில் துப்பாக்கிக்காரர்களுக்காக வாங்கிய படகு அது. சமஸ்தானம் போன பிறகு துப்பாக்கிக்காரர்கள் குறைந்தார்கள். படகு மிஞ்சியது. கார்த்திகை முதல் மாசி வரை வடக்கேயிருந்து பறவைகள் வந்து தங்கும்போது, கல்லூரிக்காரர்களையும் வெளியூர்க்காரர்களையும் ஏற்றிக்கொண்டு காட்டிவிட்டு வருவது பிச்சைமுத்துவின் வேலை. நான்கு மாத வேலை. ஒவ்வொரு ஐப்பசியிலும் புது உத்தரவுக்காகப் புதுக்கோட்டை ஆபீஸ் வாசலில் இரண்டு மூன்று நாள் உட்கார வேண்டும். இந்த வருடம் அதை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்கத்தான் ரேஞ்சர் வந்திருந்தார்.

பிச்சைமுத்துவின் இரண்டு கண்ணிலும் பூ விழுந்து மூன்று வருடமாகிறது. கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். தூரத்தில் இருப்பது கருப்பாகவோ வெளுப்பாகவோ தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் வேலை நடந்தது. எந்தப் பறவை எங்கே இறங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். இறக்கைச் சத்தத்தில் பாதியைச் சொல்லிவிடுவார். மீதிக்குச் சேவுகன் இருந்தான். கழியால் படகு விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் இடது பக்கம், இரண்டு தட்டினால் வலது. தப்பாகச் சொல்லிவிட்டால் சேவுகன் இருமுவான். உடனே அவர் மாற்றிச் சொல்லிவிடுவார்.

டொக்.

"இங்கிட்டுப் பாருங்கய்யா, கருவேலத்துக்குக் கீழ. நீலச்சிறகி."

அருளம்மாள் பைனாகுலரை வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டார். "நூத்தி நாப்பது இருக்கும்."

"அதுக்கு மேலயே இருக்கும் டீச்சரம்மா. பொதருக்குள்ள நிக்கிறது கணக்குல வராதுல்ல."

டொக், டொக்.

"அந்தா, அங்கிட்டு நாரை ரெண்டு."

சேவுகன் இருமினான்.

"நாரைன்னா சொன்னேன்? நாமக்கோழி."

ரேஞ்சர் திரும்பிப் பார்த்தார். "என்னப்பா, ஏறினதுல இருந்து இருமிக்கிட்டே வாரே? ஆஸ்பத்திரியில காட்டுனியா?"

"பனிங்கய்யா," என்றான் சேவுகன்.

"இவனுக்குச் சித்திரையிலயும் பனிதான்," என்றார் பிச்சைமுத்து. அருளம்மாள் சிரித்தார். பிச்சைமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருப்பதே ஒரு வேலையாக இருந்தது. முகத்தைச் சரியான பக்கம் திருப்ப வேண்டும், புருவத்தைச் சுருக்க வேண்டும், கையை நீட்டியதும் ஆடாமல் வைத்திருக்க வேண்டும். கரையேறும்போது கழுத்தெல்லாம் கடுக்கும்.

"ஊசிவால் வந்திருக்கா?" என்று கேட்டார் ரேஞ்சர். "எனக்கு அதுதான் முக்கியம். அது இங்க எறங்குதுன்னு எழுதினா மேலே மறுபேச்சு இருக்காது."

பிச்சைமுத்து அந்த வருடம் ஊசிவாலின் சத்தத்தைக் கேட்டிருக்கவில்லை. ஆனால் அது வந்தால் மேற்கே கோரைக்குப் பக்கத்தில்தான் இறங்கும். அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். சேவுகன் கொஞ்சம் தயங்கினான். "அங்கிட்டுச் சேறு மச்சான்."

"மடையில ஒம்பதடி நிக்கயில என்னடா சேறு? திருப்பு மாப்ள."

படகு திரும்பியது. தட்டு விழவில்லை. கோரைக்கு முன்னால் வெளுத்த தண்ணீரில் கருப்பாகச் சில புள்ளிகள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. ஊசிவால் இறங்குகிற அதே இடம். அவர் சற்றுப் பொறுத்தார். பின்னாலிருந்து இருமல் வரவில்லை.

"அந்தா இருக்குய்யா ஊசிவால். இருவதுக்குக் கொறையாது."

ரேஞ்சர் பைனாகுலரைக் கேட்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை அருளம்மாளிடம் கொடுத்தார். அவரும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"கிட்டக்கப் போ," என்றார் ரேஞ்சர்.

படகு போய் இடித்தது. ரேஞ்சர் குனிந்து ஒன்றை எடுத்துப் பிச்சைமுத்துவின் மடியில் வைத்தார். ஈரமாக, உருண்டையாக இருந்தது. தடவிப் பார்த்தார். கரி பிடித்த சோற்றுப் பானை. வாயைத் துணியால் இறுகக் கட்டியிருந்தது.

"இது எதுக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியும். வாத்து திருடுகிறவர்கள், அது பழகட்டும் என்று முதலில் வெறும் பானைகளை மிதக்க விடுவார்கள். பத்து நாளில் வாத்து பானைக்குப் பயப்படாமல் பக்கத்திலேயே மேயும். அதன் பிறகு ஒரு பானைக்குள் மனிதத் தலை இருக்கும். அந்த ஆள் கழுத்தளவுத் தண்ணீரில் மெதுவாக வந்து, வாத்தின் காலைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுவான். ஒரு சத்தம் இருக்காது.

"தெரியும்யா."

"இருபது வருஷமா இந்தத் தண்ணியிலே கெடக்கே. பானையைக் காட்டி வாத்துன்னு சொல்றே. நான் கேனப்பயலா? யாரு வச்சது? ஒனக்கு இதுல என்ன பங்கு?"

பிச்சைமுத்து பானையைத் தடவிக்கொண்டே இருந்தார். இந்தக் கோரைக்குப் படகில்தான் வர முடியும். படகுச் சங்கிலியின் சாவி இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. போன வாரம் மனைவி காத்தாயி, தம்பி வந்து பழைய பானை கேட்டு வாங்கிப் போனான் என்று சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. அவன் பெண்ணுக்குப் பங்குனியில் கல்யாணம்.

"எனக்குப் பங்கு இல்லய்யா. எனக்குக் கண்ணு தெரியாது."

"என்னது?"

"மூணு வருசமாச்சு. பூ விழுந்துருச்சு. வாத்துன்னு நெசமாவே நெனச்சுத்தான் சொன்னேன்."

ரேஞ்சர் நம்பவில்லை. "காலையில இருந்து எல்லாத்தையும் சரியாக் காட்டினியே?" என்றார். இரண்டு முழத் தூரத்தில் கையைத் தூக்கி விரல்களை நீட்டினார். "இது எத்தனை? சொல்லு."

படகு விளிம்பில் மெதுவாக மூன்று தட்டு விழுந்தது.

பிச்சைமுத்துவின் காதில் அது விழுந்தது. ரேஞ்சரின் கை வெளுத்த வானத்தில் ஒரு திட்டாகத் தெரிந்தது.

"தெரியலைங்கய்யா," என்றார்.

ரேஞ்சர் பானைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படகில் போட்டார். பதினேழு. கரைக்கு வந்ததும் கலுங்குக் கல்லில் அடித்து உடைக்கச் சொன்னார். சேவுகன்தான் உடைத்தான். அருளம்மாள், திருச்சியில் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, வந்தால் சொல்லிவிடுகிறேன் என்றார். பிச்சைமுத்து சரி என்றார். ஜீப் பொன்னமராவதி ரோட்டில் ஏறும் சத்தம் கேட்கும்வரை இரண்டு பேரும் கரையில் நின்றார்கள்.

"ஏன்டா இருமல?"

சேவுகன் கழியைக் கீழே வைத்தான். "இருமல் வரல மச்சான்."

"வருசம் பூரா வந்துச்சே."

"இருமி, வாத்து இல்லேன்னா, என்னன்னு கேப்பாரு. பானைன்னு நான் எப்படிச் சொல்றது?" உடைந்த ஓட்டைக் காலால் தள்ளிவிட்டு, "எம் பேரைச் சொல்லியிருக்கலாம்ல," என்றான்.

"சொன்னா மட்டும் எனக்குக் கண்ணு வந்துருமா? போ. படகுல தண்ணி கெடக்கு, எறச்சு ஊத்து."

அவர் வேட்டியின் ஈரத்தைப் பிழிந்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தார். தலைக்கு மேல் ஒரு கூட்டம் போனது. நீலச்சிறகி. கையை நீட்டிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

ரேஞ்சரின் அறிக்கை பத்து நாளில் புதுக்கோட்டைக்கு வந்தது. பானை வைத்தவர் யார் எனத் தெரியவில்லை, வழிகாட்டிக்குப் பார்வை இல்லை, கழிக்காரனுக்குப் பார்வை நன்றாக இருக்கிறது என்று அதில் இருந்தது. பிப்ரவரி முதல் தேதியிலிருந்து சேவுகனை வழிகாட்டியாக நிரந்தரம் செய்தார்கள். கழி ஊன்ற ஒரு ஆளை அவனே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவன் பிச்சைமுத்துவை வைத்துக்கொண்டான். அந்தப் பருவத்தில் மேலும் ஒன்பது முறை படகு போனது. ஊசிவால் வரவில்லை.