வாசற்படியில் ஒரு ஆமை

ஆமையின் வாய்க்குள்ளிருந்து பார்த்தால் உலகம் ஒரு சாண் அகலம்தான். கறுப்பு வலை போட்ட அந்த ஒரு சாண் ஓட்டை வழியாகக் கலைவாணன் வீடுகளை எண்ணிக்கொண்டே வந்தான். இருபது முடிந்தது. இன்னும் இரண்டு. கடைசி வீடு அவனுடையது.

அவனுடையது என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு இப்போது உரிமை இருக்கிறதா என்பது வேறு விஷயம். இரண்டரை வருஷத்துக்கு முன்பு அந்த வாசலில் நின்றுதான் அவன் பெண்டாட்டி வசந்தா சொன்னாள்: "இந்த வாய வச்சிகினு இனிமே இந்தப் படி ஏறாத."

அன்றைக்கு இறங்கியவன் இன்றைக்குத்தான் இந்தத் தெருவுக்கு வருகிறான். அதுவும் முதுகில் பச்சை ஓடும் தலையில் ஸ்பாஞ்ச் மண்டையுமாக.

மதராஸ் மெரைனர்ஸ் கிரிக்கெட் அணி ஆடுவது வருஷத்தில் ஒன்றரை மாதம். மிச்ச நாளெல்லாம் அணியின் பெயரில் ஏதாவது நல்ல காரியம் நடந்துகொண்டே இருக்கும். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்குப் பொம்மை, மகாபலிபுரத்தில் கடற்கரை சுத்தம், பள்ளிக்கூடங்களுக்கு மட்டையும் பந்தும். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த இந்தக் கடப்பாக்கம் காலனியில் கிணற்றுத் தண்ணீர் இன்னும் உப்புக் கரித்தது. அதனால் இருபத்திரண்டு வீட்டுக்கும் தலைக்கொரு தண்ணீர் ஃபில்டர். கொடுப்பதற்கு அணியின் வேகப்பந்து வீச்சாளர் ஆதித்யா வந்திருந்தான். இருபத்தொரு வயசு; வெட்கப்படுகிற பையன். ஏற்பாடு, மேனேஜர் பிரவின்குமார். கூட ஒரு கேமராக்காரர், அப்புறம் ஆமை.

ஆமை பம்பாய் விளம்பரக் கம்பெனியின் யோசனை. கடற்கரை அணி, கடல் ஆமை, குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று முடிவு செய்தார்கள். ஸ்டேடியத்தில் பிடிக்கவும் செய்தது. ஆனால் எந்த வீட்டுக்காரி ஆமையை வாசற்படி தாண்டி உள்ளே கூப்பிடுவாள் என்று பம்பாயில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இருபத்தோராவது வீட்டில் சந்திரம்மா இரண்டு கையையும் நிலைப்படியில் ஊன்றி வழியை அடைத்துக்கொண்டாள்.

"தம்பி, நீ வாப்பா உள்ள. மோரு கீது, குடி. அது வாணாம். அது அங்கயே நிக்கட்டும்."

"அது பொம்மைம்மா. உள்ள ஆளுதான் இருக்காரு" என்றார் பிரவின்குமார்.

"ஆளு இருந்தா இன்னா? முதுவுல ஓடு கீதா இல்லியா?"

"பெருமாளே ஆமை அவதாரம் எடுத்திருக்காரும்மா."

"அப்ப இட்டுகினு போயி பெருமாள் கோயில்ல வுடு. நா வந்து கும்புட்டுக்கிறேன்."

தெருவே சிரித்தது. பிரவின்குமார் மட்டும் சிரிக்கவில்லை. ஃபில்டர் கொடுத்த கம்பெனி ஒரே ஒரு போட்டோதான் கேட்டிருந்தது: வீட்டுக்குள்ளே, அடுப்பங்கரையில், குடும்பத்தோடு ஆட்டக்காரரும் ஆமையும். இருபத்தோரு வீட்டிலும் ஆமை வாசலோடு சரி.

வெயிலில் நின்ற ஆமைக்குள் கலைவாணன் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசலாமா என்றால் கூடாது. ஜனங்கள் பார்க்கத் தலையைக் கழற்றக் கூடாது, என்ன ஆனாலும் வாய் திறக்கக் கூடாது. இந்த இரண்டும்தான் வேலையின் சட்டம். இவனுக்கு முன்னால் இருந்தவன் ஒரு பள்ளிக்கூடத்தில் தாகம் தாங்காமல் "தண்ணி" என்று சொல்லிவிட்டான். முன்வரிசைப் பிள்ளைகள் அலறி அழுதன. மறுநாள் அவனுக்கு வேலை இல்லை.

கலைவாணனுக்கா இந்த வேலை என்று அவனைத் தெரிந்தவர்கள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வாயாலேயே வாழ்ந்தவன் அவன். திருப்போரூரில் மனை விற்கிறவர்களுக்கு மைக் பிடித்து, முள்ளுக்காட்டைக் காட்டி "இங்கதான் சார் ஏர்போர்ட் வருது" என்று சொன்னவன். சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீசில் செக்யூரிட்டி வேலை கிடைத்தபோது, வசந்தாவிடம் அதையே 'சூப்பர்வைசர்' ஆக்கினான். மூன்றாம் வாரமே வேலை போயிற்று. அதை மட்டும் சொல்லவில்லை. ஆறு மாசம், தினமும் விடியற்காலைப் பஸ்ஸில், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவான். திருப்போரூர் முருகன் கோயில் குளத்துப் படியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பான். கையில் கிடைத்த சில்லறை வேலையில் வந்ததைச் சம்பளம் என்று நீட்டுவான். ராத்திரி சாப்பிடும்போது ஆபீஸ் கதை. லிஃப்டில் மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரன், கேன்டீனில் அவனோடு டீ குடித்த பெரிய மேனேஜர். வசந்தா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். மனசுக்குள் அவளும் அந்த லிஃப்டில் ஏறி இறங்கினாள்.

ஒருநாள் சோற்று டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டான். கைக்குழந்தையாக இல்லாவிட்டாலும் இடுப்பை விட்டு இறங்காத பெண்ணையும் தூக்கிக்கொண்டு, மூன்று பஸ் மாறி, சிறுசேரி கேட்டில் போய் நின்றாள் வசந்தா. "அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்றார்கள். அவள் நம்பவில்லை. சாயங்காலம் ஷிஃப்ட் விடும் வரை கேட்டிலேயே நின்றிருக்கிறாள்.

அவன் குடித்திருந்தால் மன்னித்திருப்பாள். அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பாள். இதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. படியிறங்கச் சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் அவன் எத்தனையோ தடவை போன் செய்தான். குரல் கேட்டதும் வைத்துவிடுவாள். நியாயம்தான். அந்தக் குரலை எதை வைத்து நம்புவது?

"கடைசி வீடு. வா, வா" என்று பிரவின்குமார் ஓட்டில் தட்டினார்.

வலைக்குள் வசந்தா வந்து நின்றாள்.

இளைத்திருந்தாள். காதோரம் இரண்டு நரை. சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற கையில் எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்று புதுசு. அந்தத் தழும்பு எப்போது பட்டது, யார் மருந்து போட்டார்கள் என்று எதுவும் அவனுக்குத் தெரியாது. ஒரு சாண் ஓட்டைக்குள் அவளை முழுசாகப் பார்க்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தால் கை மறைந்தது, கையைப் பார்த்தால் முகம் மறைந்தது.

"வாங்க சார்" என்றாள் ஆதித்யாவிடம். "படி பாத்து..."

சொல்லி முடிப்பதற்குள் ஆதித்யா தடுமாறிக் கதவைப் பிடித்தான். மூன்று படியில் நடுப்படிக் கல் ஆடும். ஃபில்டர் பெட்டியோடு பின்னால் ஏறிய பிரவின்குமாருக்குக் கட்டைவிரலே பெயர்ந்த மாதிரி ஆயிற்று.

"அந்தக் கல்லு அப்பிடித்தான் சார். போட்டவரு நாளைக்குப் பூசறேன், நாளைக்குப் பூசறேன்னாரு. பூசல" என்றாள்.

போட்டவன் ஆமைக்குள் கண்ணை மூடித் திறந்தான்.

பிரவின்குமார் காலை உதறிக்கொண்டே கெஞ்சினார். "அம்மா, ஒரே ஒரு போட்டோ. ஆமை உள்ள வந்து அஞ்சு நிமிஷம் நிக்கும். பயப்படாதீங்க."

"அய்ய, வாணாம் சார்."

"ஏ வசந்தா, வுட்டுறாதடி! ஏற்கெனவே நீ பட்டது பத்தாதா?" என்று பக்கத்து வாசலிலிருந்து சந்திரம்மா குரல் கொடுத்தாள்.

"சரி, வாசல்லயாவது எடுத்துக்கறோம். மேல வாப்பா" என்று ஆமையைக் கூப்பிட்டார் பிரவின்குமார்.

அந்த வேஷத்தில் தன் கால் தனக்கே தெரியாது. கலைவாணன் முதல் படியில் கால் வைத்தான். நடுப்படியை மிதிக்காமல், அகலமாக எட்டி வைத்து, நேராக மூன்றாம் படிக்கு வந்து நின்றான். யோசித்துச் செய்யவில்லை. கால் தானாகவே செய்துவிட்டது.

வசந்தாவின் முகம் மாறியது.

நடுப்படியைப் பார்த்தாள். ஆமையின் பாதத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு எட்டு முன்னால் வந்து வலைக்குள் உற்றுப் பார்த்தாள். வெளியிலிருந்து பார்த்தால் இருட்டுதான் தெரியும். ஆனால் அவளுடைய கண்கள் அவனுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

"இது பேசுமா சார்?" என்று கேட்டாள், கண்ணை எடுக்காமல்.

"பேசாதும்மா. பேசினா வேலை போயிடும்."

"எத்தினி நாளா பேசாம கீது?"

பிரவின்குமாருக்குக் கேள்வி விசித்திரமாகத்தான் இருந்தது. போட்டோ கிடைத்தால் போதும் என்று பதில் சொன்னார். "பதினஞ்சு மாசமா."

"ஒரே ஆளா?"

"ஒரே ஆளுதான். ஒரு நாள் லீவு போட்டதில்ல. வாயே திறக்க மாட்டாரு. பஸ்ல கூட ஓரமா உக்காந்துப்பாரு. தங்கமான மனுஷன்."

அவனைப் பற்றி இன்னொருத்தர் வாயால் அவள் ஒரு நல்ல வார்த்தை கேட்பது அதுதான் முதல் தடவை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குள் அம்மாவை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் குழந்தை ஓடிவந்து ஆமையின் வயிற்றைக் கட்டிக்கொண்டது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. ஹரிப்ரியா. அவன் போகும்போது அவனுடைய தொடை உயரம் இருந்தாள். இப்போது இடுப்பு வரை வந்திருந்தாள். மூன்று அங்குல ஸ்பாஞ்சுக்கு அந்தப் பக்கம் அவளுடைய கன்னம். சூடு கூடத் தெரியவில்லை.

"ஆமே, உனக்குப் பேசத் தெரியாதா?" என்றாள் அண்ணாந்து. "எங்கப்பா சூப்பரா பேசுவாரு. சிறுசேரில பெரிய ஆபீசுல கீறாரு. லீவே குடுக்க மாட்டாங்களாம். இல்லம்மா?"

"ம்" என்றாள் வசந்தா.

எந்தப் பொய்க்காக அவனைத் துரத்தினாளோ, அந்தப் பொய்யைத்தான் இத்தனை நாளாகக் குழந்தைக்கு ஊட்டி வளர்த்திருக்கிறாள். அவன் பெயர் அந்த வீட்டில் கெடாமல் இருக்க.

'பாப்பா' என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வேலை போனால் போகட்டும் என்று கூட ஒரு கணம் நினைத்தான். வலைக்கு அந்தப் பக்கம் வசந்தா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்காகப் பார்க்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. இப்போது வாய் திறந்தால் அதே பழைய கலைவாணன். அழகாகப் பேசி, கையில் இருக்கிற வேலையையும் தொலைத்துவிட்டு, நாளைக்கு வேறு கதை சொல்கிறவன்.

பல்லைக் கடித்துக்கொண்டான். நான்கு விரல் பஞ்சுக் கையை மட்டும் குழந்தையின் தலையில் வைத்தான்.

வசந்தா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்தாள்.

"உள்ள வா" என்றாள் ஆமையிடம்.

"அடிப்பாவி!" என்றாள் சந்திரம்மா.

"இருக்கட்டும்க்கா. வெயில்ல எவ்ளோ நேரந்தான் நிக்கும்?"

ஓடு இரண்டு பக்கமும் கதவில் உரச, பக்கவாட்டில் திரும்பி உள்ளே போனான். அதே அடுப்பங்கரை. அதே காலண்டர் ஆணி. அடையாள அட்டை தொங்கிய ஆணியில் இப்போது குழந்தையின் பள்ளிக்கூடப் பை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடத் தவித்தான். ஓட்டை ஒரு சாண்தான். கேமராக்காரர் நாலு படம் எடுத்தார். ஹரிப்ரியா தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து ஆமையின் நெற்றியில் ஒட்டினாள். ஐந்து நிமிஷம் முடிந்தது.

வெளியே வரும்போது, மற்றவர்கள் வேனுக்கு நடந்த பிறகு, வசந்தா ஓட்டுக்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஞாயித்துக்கிழம நா வூட்லதான் இருப்பேன். எவனாச்சும் வந்து அந்தக் கல்ல பூசிக் குடுத்தா தேவல." சற்று நிறுத்தி, "வேசமில்லாம" என்றாள்.

ஆமை தலையை ஆட்டியது. நடுப்படியைத் தாண்டி இறங்கியது.

வேன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறிய பிறகுதான் கலைவாணன் தலையைக் கழற்றினான். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். துடைக்கத் துடைக்க ஈரம் வந்துகொண்டே இருந்தது. வேர்வை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"சார், ஞாயித்துக்கிழம லீவு வேணும்."

பிரவின்குமார் திரும்பினார். "ஞாயிறா? மகாபலிபுரத்துல ஃபங்ஷன் இருக்கேய்யா. என்ன விஷயம்?"

அந்தக் காலத்துக் கலைவாணனாக இருந்தால் மாமன் செத்துப்போயிருப்பான், சித்தி பையனைப் பாம்பு கடித்திருக்கும், திருப்பதி வேண்டுதல் வந்திருக்கும். எல்லாமே நாக்கில் வரிசை கட்டி நின்றன. விழுங்கினான்.

"வூட்டு வாசப்படி ஆடுது சார். சிமெண்ட் பூசணும்."

ஆதித்யா சிரித்துவிட்டான். பிரவின்குமாரும் சிரித்தார். "பதினஞ்சு மாசத்துல முதல் லீவு கேக்கற. ஒரு சாவு, ஒரு கல்யாணம்னு நல்ல காரணமா சொல்லக் கூடாதா? வாசப்படி ஆடுதாம்!"

"ஆமா சார். நடுப்படி."

சிரித்துக்கொண்டே வீங்கிய கட்டைவிரலைத் தடவிய பிரவின்குமாரின் கை நின்றது. விரலைப் பார்த்தார். கலைவாணன் மடியிலிருந்த ஆமைத் தலையையும், அதன் நெற்றியில் ஒட்டியிருந்த சின்னச் சிவப்புப் பொட்டையும் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளு பாத்துக்கறேன்" என்றார் மெதுவாக. பிறகு, "அந்தப் பாப்பா பேரு என்ன?" என்று கேட்டார்.

"ஹரிப்ரியா சார்."

அந்தப் பெயரை அவன் வாய்விட்டுச் சொல்லி இரண்டரை வருஷம் ஆகியிருந்தது.