ஆறு தோட்டாவும் அரைச் சட்டையும்

தீயணைப்புச் சங்கத்துப் பரிசுக் குலுக்கலில் பக்கத்து நாற்காலிக்காரிக்கு உறைந்த வான்கோழி விழுந்தது, எனக்கு லீவர் துப்பாக்கி விழுந்தது. மாற்றிக்கொள்ளலாமா என்று அவள் கேட்டாள். மாற்றிக்கொள் என்று என் கணவன் லமாரும் கண்ணைக் காட்டினான். நான் அந்த நீளப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பென்சில்வேனியாவில், மான் வேட்டைப் பருவத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற ஐம்பத்திரண்டு வயதுக்காரிக்குப் புத்தம்புதுத் துப்பாக்கி விழுந்தால் அவளுக்குத் தலைகால் புரியுமா?

லமாரின் அண்ணன் எல்வுட்டுக்கு வடக்கே மலையில் ஒரு வேட்டைக் குடிசை உண்டு. பருவத்தின் முதல் வாரம் அண்ணனும் தம்பியும் அங்கேதான் கிடப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக நான் சோளம் போட்ட கோழி சூப்பைக் காய்ச்சிக் கட்டிக் கொடுத்து, வாசலில் நின்று கையாட்டி அனுப்பியிருக்கிறேன். கை வலித்ததுதான் மிச்சம். இந்த வருஷம் நானும் வருகிறேன் என்று எல்வுட்டிடம் சொன்னேன்.

அவர் உடனே குடிசையின் சட்டத்தைப் பேசினார். சுட்டுக் குறி தப்பியவனின் சட்டை வாலைப் பின்பக்கம் கத்தரித்துச் சுவரில் ஆணி அடித்துவிடுவார்கள். அந்த வாரச் சமையலும் பாத்திரமும் அவன் தலையில். சுவரில் இப்போது பதினொரு துண்டு இருக்கிறது. ஒன்பது லமாருடையது, இரண்டு யாரோ விருந்தாளிகளுடையது. முப்பத்தொரு வருஷத்தில் எல்வுட்டின் சட்டை நூல்கூட அதில் ஏறியதில்லை.

“வா, வேணாங்கல. ஆனா முதல் நாளே தப்பினேன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து துப்பாக்கிய வீட்டுல வச்சிட்டுச் சமைக்க மட்டும் வரணும். சம்மதமா டிரைவரம்மா?”

“நீங்க தப்பினா?”

அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். குடிசைக் கதவுக்குப் பக்கத்தில் துப்பாக்கி மாட்ட இரண்டே இரண்டு முளைகள் உண்டு, ஒன்று அவருக்கு, ஒன்று தம்பிக்கு. “நான் தப்பினா, மூணாவது முளைய என் கையாலயே அடிச்சுத் தர்றேன்,” என்றார்.

அந்த முளை எனக்கு வேண்டும். என் வாழ்நாளில் எந்த நகைக்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

அன்றைக்கே சமையல் மேசையில் பாடம் ஆரம்பித்தது. மருந்தில்லாத போலித் தோட்டாக்களை லமார் கொண்டுவந்து கொட்டினான். துப்பாக்கியின் வலப்பக்கம் ஒரு சின்ன இரும்புக் கதவு, அதன் வழியாகத்தான் தோட்டாவை ஒவ்வொன்றாக உள்ளே தள்ள வேண்டும். புதுக் கதவு, முரட்டு வில். முதல் தோட்டாவோடு என் கட்டைவிரலையும் கவ்விக்கொண்டது. நான் சொன்ன வார்த்தையைப் பள்ளிப் பேருந்தில் ஒரு பிள்ளை சொல்லியிருந்தால் இறக்கிவிட்டிருப்பேன். முழுக்கத் தள்ளாதே, பின்புறம் கொஞ்சம் வெளியே தெரியட்டும், அடுத்த தோட்டாவை வைத்து அதைத் தள்ளு, கதவு மூடவே மூடாது என்று லமார் காட்டினான். ஒன்பது சட்டை வால் கொடுத்தவனுக்கு இவ்வளவு விஷயம் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

விசையைச் சுற்றித் தொங்குகிற இரும்பு வளையம்தான் லீவர், அது இன்னும் மோசம். பயந்து பயந்து பாதி இழுத்தால் தோட்டா நடுவழியில் சிக்கிக்கொண்டது. கீழே தள்ளினால் முழுசாகத் தள்ள வேண்டும், உள்ளே இருக்கிற தோட்டா வெளியே தெறிக்கும்; மேலே இழுத்தால் அடித்துச் சாத்த வேண்டும், அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும்.

“புதுசு அப்படித்தான் முரண்டு பண்ணும். தினமும் நூறு தடவ லீவர ஆட்டு, வழிக்கு வந்துடும். விசையில மட்டும் விரல வைக்காத, சும்மா சும்மா தட்டினா உள்ள தேஞ்சிடும்,” என்றான் லமார்.

நூறு தடவை ஆட்டினேன். உருளைக்கிழங்கு வேகும்போது ஆட்டினேன், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு ஆட்டினேன். கரக் கரக் என்றிருந்தது ஒரு வாரத்தில் க்ளக் க்ளக் என்றாகி, மூன்றாவது வாரம் வெண்ணெயாக வழுக்கியது. போலித் தோட்டாக்கள் அடுப்பு மேலும் பூனை மேலும் பறந்தன. ஜல்லிக் குழியில் காகிதத் தட்டை நட்டு நிஜத் தோட்டாவும் சுட்டேன். ஒவ்வொரு தடவையும் லமார் பக்கத்தில் நின்று “இப்ப விசை” என்பான், நான் அழுத்துவேன். ஐந்துக்கு ஐந்து. அந்தத் தட்டைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, வந்தவர்களையெல்லாம் பார்க்கவைத்தேன்.

முதல் நாள். ஊரில் பள்ளிக்கூடமே விடுமுறை. விடிந்தும் விடியாமல் ஒரு பெரிய மரத்தடியில், வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு உடுப்போடு உட்கார்ந்தேன். பள்ளத்துக்கு எதிர்ச் சரிவில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், எல்வுட்டின் ஆரஞ்சுத் தொப்பி தெரிந்தது. லமார் மலைக்கு மறுபக்கம் போயிருந்தான். ஆறு தோட்டாவையும் கதவு கடிக்காமல் போட்டு, லீவரை ஒரு தடவை ஆட்டி முதல் தோட்டாவைக் குழலில் ஏற்றிவைத்தேன். குளிரே தெரியவில்லை, வாயெல்லாம் பல்.

எட்டு மணிக்கு ஆண்மான் வந்தது. கொம்பில் எட்டு முனை. என் நேர் எதிரே அறுபது அடியில், பக்கவாட்டாக நின்றது. துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. கை மின்னலாக ஓடியது. தோள் கொஞ்சமும் வலிக்கவில்லை, அடடா எப்படிப் பழகிவிட்டது என்று பெருமைப்பட்டேன். சத்தமும் கேட்கவில்லை, படபடப்பில் காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன். நான்கு, ஐந்து, ஆறு.

மான் அங்கேயே நின்றது. இந்த அம்மாளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பதுபோல என்னைப் பார்த்தது.

நான் குனிந்து பார்த்தேன். பனியில் ஆறு தோட்டாக்கள், குண்டும் மருந்தும் அப்படியே இருக்க, வரிசையாகக் கிடந்தன. மூவாயிரம் தடவை லீவரை ஆட்டிப் பழகிய கை லீவரை ஆட்டியிருக்கிறது. விசையைத் தொடவே இல்லை. “இப்ப விசை” என்று சொல்ல லமார் பக்கத்தில் இல்லையே.

எதிர்ச் சரிவில் எல்வுட் தொலைநோக்கியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். மனுஷர் சிரித்த சிரிப்பில் பள்ளமே குலுங்கியது. மான் மிரண்டு, என்னை விட்டு அவர் பக்கமாகவே ஏறி, அவர் முன்னால் அகலமாக விலா காட்டிப் போனது. அவர் துப்பாக்கியைத் தூக்கினார். அவர் தோள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது.

டமார். ஒரு கிளை முறிந்தது. அதிலிருந்த பனியெல்லாம் எல்வுட்டின் தொப்பி மேல் கொட்டியது. மான் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு மலையைத் தாண்டிவிட்டது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். பனியில் மல்லாந்து விழுந்து நானும் சிரித்தேன்.

குடிசைக்கு வந்ததும் எல்வுட் வழக்காடினார். தன்னுடையது ஒரே ஒரு தப்பு, என்னுடையது ஆறு தப்பு, ஆகவே என் சட்டைதான் முதலில் என்றார். நான் ஆறு தோட்டாக்களையும் துடைத்து மேசைமேல் நிறுத்தினேன். லமார் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒன்பது வால்களின் சந்தோஷம் இருந்தது.

“தப்பணும்னா முதல்ல சுடணும்ல அண்ணே?”

எல்வுட் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். புதுக் கம்பளிச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. சமையல் கத்தரிக்கோலை எடுத்து, நிதானமாக, இடுப்புக்கு மேலேயே வெட்டினேன்.

அவர் முதலில் பாத்திரம் கழுவினார், அப்புறம் சுத்தியலைத் தேடினார். பின்பக்கம் முதுகு தெரிய நின்று, கதவுக்குப் பக்கத்தில் மூன்றாவது முளையை அடித்தார். தட்டிப் பார்த்து, கோணல் என்று பிடுங்கி மறுபடி நேராக அடித்தார். மாட்டுவதற்கு முன் என் துப்பாக்கியின் லீவரைத் திறந்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தார். அது வேட்டைக்காரனின் பழக்கம்.

“காலியாத்தான் இருக்கும் எல்வுட்,” என்றேன். “ஆறையும் மான் முன்னாலயே நான்தான் வெளிய தள்ளிட்டேனே.”