இன்னும் ஒரு அடி

குளோஸ்டு டையே செய்துவிடலாம் என்று கொழுந்தன் மூன்றாம் முறையாகச் சொன்னபோது, அண்ணி ஆர்டர் தாளிலிருந்து நிமிர்ந்து அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மொத்தமே நாற்பது தண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு நீளம், ஒரு தடிமன். குளோஸ்டு டை என்ற மூடிய அச்சில் உருவத்தைக் குடைந்துவைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பை அதற்குள் அமுக்கி எடுப்பதெல்லாம் ஒரே மாதிரி ஆயிரம் வேண்டும் என்பவர்களுக்கு. இந்த வேலைக்கு, மேலும் கீழும் தட்டையாக இருக்கும் திறந்த அச்சு, ஓப்பன் டை போதும். ஒருவர் குறடால் பிடித்துத் திருப்ப, இன்னொருவர் பெடலை மிதித்து மோட்டார் சம்மட்டியை இறக்க வேண்டும், அவ்வளவுதான். கணவர் போனபின் உலைக்கு வந்து, ஒரு வருடமாக அனலில் நிற்கும் அவளுக்கே தெரிந்த விஷயம், இருபது வருடம் பெடல் மிதித்தவனுக்குத் தெரியாதா?

நன்றாகத் தெரியும். ஆனால் ஓப்பன் டை என்றால் எதிரில் ஒரு ஆள் நிற்பார். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கை ஜாடைதான். ஒரு விரல் காட்டினால் இன்னும் ஒரு அடி. உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. அச்சிலேயே உருவம் இருந்துவிட்டால் யாரும் யாருக்கும் கை காட்ட வேண்டாம்.

போன வருடம் அந்த விபத்து நடந்த அன்றைக்கு எதிரில் நின்றது அண்ணன். இரும்பு ஆறிக் கறுக்கத் தொடங்கியிருந்தது. அண்ணன் உள்ளங்கையைக் காட்டினார். மறுபடி உலையில் வைத்தால் அரை மணி போகும், ஒரே அடியில் முடிந்துவிடும் என்று இவனாக மிதித்தான். ஆறிய இரும்பு துள்ளியது. குறடின் பிடி அண்ணன் வயிற்றில் பாய்ந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி கேட்டபோது, அண்ணன்தான் ஒரு விரல் காட்டினார் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டான். பாவி. சட்டைப் பொத்தான் போடவே கால் மணி எடுத்துக்கொள்ளும் மனிதரை, அவள் இந்த ஒரு வருடமாக அவசரக்குடுக்கை என்று திட்டித் தீர்க்கிறாள். அவர் படத்தைக்கூட சுவரில் மாட்டவில்லை. அவள் திட்டும்போதெல்லாம் இவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான். தெருவில் யாராவது பஸ்ஸை நிறுத்தக் கை நீட்டினால்கூட வலது கால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும்.

"எதிர்ல நிக்க ஆள் இல்லேன்னுதானே இழுக்கறே? நான் நிக்கறேன்" என்றாள் அண்ணி.

மறுநாள் காலை அண்ணனின் தோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்தாள். அதன் நாடா அவள் இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றியது. முதல் தண்டு. அவள் ஒரு விரல் காட்ட, இவன் மிதித்தான். திருப்பினாள், மறுபடி ஒரு விரல். இரும்பின் மஞ்சள் சிவப்பாகி, சிவப்பு மங்கத் தொடங்கியதும் அவள் உள்ளங்கையை உயர்த்தினாள். இவன் காலை அதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தான்.

அவள் குறடை விடவில்லை. இரும்பையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மோட்டார் இரைந்துகொண்டிருந்ததால் கத்தித்தான் கேட்டாள்.

"நேத்து வந்த எனக்கே போதும்னு தோணுது. அவருக்கா தோணல? அன்னிக்கு அவர் எப்படிக் காட்டினார்? ஒரு தடவை காட்டு."

அவன் கையைத் தூக்கினான். ஒரு விரலைத்தான் நீட்ட நினைத்தான். ஐந்தும் விரிந்தன.

அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குறடின் நுனியில் இரும்பு முழுக்கக் கறுத்துக்கொண்டிருந்தது. அவன் கையை இறக்கவில்லை.